ஆர்மி ஜிப்சியின் டைனமோ: பட்டறை வேலையா, எக்ஸ்சேஞ்சா, புதுசா?

ராணுவ ஏலத்தில் எடுத்த மாருதி ஜிப்சிக்கு அஞ்செட்டி, தளிப் பக்கத்து மண் ரோடும் வத்தல்மலை ஏற்றமும் ஒரு பொருட்டே இல்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் லேசில் மக்கர் பண்ணாது. முதலில் கைவிரிப்பது சார்ஜிங்தான். ஓடும்போது பேட்டரி விளக்கு மங்கலாக எரியும், ராத்திரியில் ஹெட்லைட் மஞ்சளாகும், காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் டக்கென்ற ஒரே சத்தத்தோடு நின்றுவிடும். எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் முதல் பதில் இப்படித்தான் வரும்: "டைனமோ போயிருச்சுங்கண்ணா, மாத்திடலாம்."

இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி இது. ஆல்டர்னேட்டர்தான் சரியான பெயர். ஆனாலும் நம் பட்டறைகளில் டைனமோ என்றே புழங்குவதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறோம். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் இதற்கு மூன்று வழி கிடைக்கிறது. ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில் பழசைப் பிரித்துச் சரிசெய்வது ஒன்று. பழசைக் கொடுத்து ரெடியாக இருக்கும் எக்ஸ்சேஞ்ச் யூனிட்டை வாங்குவது இன்னொன்று. மூன்றாவது, பெட்டி பிரிக்காத புதுசு. எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஸ்டேட்டர் காயில் (டைனமோவுக்குள் சுழலாமல் நிற்கும் செம்புச் சுருள்) கருகாதவரை பட்டறை வேலைதான் நல்லது, காசுக்கும் ஆயுளுக்கும் அதுவே சரி. காயில் கருகியிருந்தால் நேராகப் புதுசுக்குப் போய்விடுங்கள். எக்ஸ்சேஞ்ச் யூனிட்டை வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொடுங்கள். ஆனால் இந்த மூன்றில் எதற்குப் பணம் கொடுப்பதற்கு முன்பும் எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியை, பார்த்தே ஆக வேண்டும்.

ஆர்மி வண்டிக்கென்றே உள்ள சீக்கு பெயின்ட். படையில் இருந்த காலத்தில் பச்சை பெயின்ட் மேல் பச்சை பெயின்டாக, போல்ட், பிராக்கெட், எர்த் லக் (எர்த் வயரின் முனைத் தகடு) என்று எதையும் விடாமல் பூசியிருப்பார்கள். டைனமோவுக்கு நெகட்டிவ் என்று தனி வயர் கிடையாது. அதன் உடம்பு, அதைத் தாங்கும் பிராக்கெட், இன்ஜின் பிளாக், அங்கிருந்து எர்த் பட்டை, கடைசியில் பேட்டரி நெகட்டிவ் என்றுதான் கரண்ட் திரும்புகிறது. இந்த வழியில் ஏதாவது ஒரு இணைப்பில் பெயின்ட் படலமோ துருவோ இருந்தால், டைனமோ முழுதாக உற்பத்தி செய்தாலும் பேட்டரிக்கு வந்து சேராது. ஏலத்துக்கு முன் வெட்டவெளியில் மழை வெயிலில் நின்ற வண்டி என்றால் துருவுக்குக் கேட்கவே வேண்டாம்.

சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜினை 2000 ஆர்பிஎம் அளவில் ஓட விட்டு, ஹெட்லைட் ஹைபீம், ஹீட்டர் புளோயர் இரண்டையும் போடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலேயே அழுத்துங்கள். கிளாம்பில் அழுத்தக் கூடாது, கிளாம்புக்கும் கம்பத்துக்கும் இடையில்கூட கோளாறு ஒளிந்திருக்கலாம். சிவப்பு முனையை டைனமோவின் உடம்பில், சுரண்டிய இடத்தில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அடுத்து, டைனமோவின் பின்னால் ரப்பர் தொப்பி போட்ட தடித்த திருகு இருக்கும், அதுதான் பி பிளஸ். அதற்கும் பேட்டரி பாசிட்டிவ் கம்பத்துக்கும் நடுவில் அளந்தால் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.5-ஐத் தாண்டினால் வயர், லக், மெயின் ஃபியூஸ் இணைப்பு ஆகிய மூன்றில் ஒன்று கெட்டிருக்கிறது. இந்த இரண்டு அளவையும் எடுக்காமல் டைனமோவைக் கழற்றும் பட்டறைக்கு எங்கள் மதிப்பெண்ணில் முதல் அடி விழுகிறது.

எர்த் சரியில்லை என்று தெரிந்தால் செலவு அநேகமாக உப்புத்தாளோடு முடிந்துவிடும். பிராக்கெட்டும் இன்ஜினும் சேரும் முகத்தையும், எர்த் பட்டை உட்காரும் இடத்தையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். பல்லுள்ள ஸ்டார் வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், இறுக்குவதற்கு முன் தடவாதீர்கள். பழைய பட்டை பச்சை பூத்திருந்தால் இன்ஜினிலிருந்து சேசிஸுக்கு 16 சதுர மி.மீ. வயரில் புதிதாக ஒன்று போட்டுவிடுங்கள்.

எர்த் சரி, வயரும் சரி என்றான பிறகு வோல்ட்டைப் பாருங்கள். ராத்திரி முழுதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அருகே இருக்க வேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சரி. சித்திரை வெயிலில் தொப்பூர் கணவாய் ஏறி நிறுத்திய வண்டியில் 13.6 காட்டினால் அதைக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. சூடு ஏற ஏற, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தானே அதைக் குறைக்கும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். விளக்கெல்லாம் போட்டு 2000 ஆர்பிஎம்மில் 13.2-க்குக் கீழே நின்றால் டைனமோவைச் சந்தேகப்படலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி தண்ணீர் கொதிக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் அடுத்தடுத்து ஃபியூஸ் ஆகும்.

கரண்ட்டை ஒரே பக்கமாக மட்டும் விடும் டயோடுக்கு மீட்டரே இல்லாமல் ஒரு சோதனை உண்டு. சாயங்காலம் நிறுத்திய வண்டியை மறுநாள் காலை, ஸ்டார்ட் பண்ணும் முன் பானெட்டைத் திறந்து டைனமோவின் பின்மூடியைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்திலுள்ள இன்ஜின் பிளாக் ஜில்லென்று இருக்க, டைனமோ மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், ஷார்ட் ஆன டயோடு வழியாக ராத்திரி முழுக்க பேட்டரி வடிந்திருக்கிறது. உறுதி செய்ய, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி நடுவில் ஆம்பியர் மீட்டரை வையுங்கள். சாவி இல்லாத நிலையில் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் கசிவு இருக்கிறது. பி பிளஸ் வயரைக் கழற்றித் தனியாக வைத்ததும் அளவு விழுந்துவிட்டால் திருடன் டயோட் பிளேட்தான். விழாவிட்டால் டாஷ்போர்டுக்குப் பின்னால் யாரோ வெட்டி ஒட்டிய வயரில் தேடுங்கள். படை வண்டிக்கே உரிய கான்வாய் லைட், பிளாக்அவுட் சுவிட்ச் ஆகியவற்றின் வயர்கள் ஏலத்துக்குப் பிறகு அரைகுறையாக வெட்டப்பட்டுத் தொங்குவது சகஜம்.

அதே டாஷ்போர்டில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பேட்டரி விளக்கு சும்மா எச்சரிக்கைக்கு மட்டும் இருப்பதில்லை. பல வகை டைனமோக்களில் அந்தச் சின்ன பல்பு வழியாக வரும் கரண்ட்தான் ரோட்டரில் (உள்ளே சுழலும் பாகம்) முதல் காந்தத்தை உண்டாக்குகிறது. பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தால், இன்ஜினை உறுமவிட்டால்தான் சார்ஜ் ஏறத் தொடங்கும், இல்லை ஏறவே ஏறாது. அழகுக்காக எல்இடி பல்பு மாட்டினாலும் இதே கதைதான், அது இழுக்கும் கரண்ட் பற்றாது. சாவியைப் போட்டு இன்ஜின் ஓடாதபோது அந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் முதலில் பல்பை மாற்றுங்கள்.

இனி பட்டறைக்கு வருவோம். ஒரு எலக்ட்ரீஷியனை அவர் கையில் மீட்டர் இருக்கிறதா என்பதைவிட, பேட்டரி வயரில் கை வைக்கிறாரா என்பதை வைத்தே எடை போடுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "இன்ஜின் நிக்கல பாருங்க, டைனமோ நல்லாருக்கு" என்று காட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. கார்புரேட்டர் வண்டியில் அது சில நேரம் தப்பித்துக்கொள்ளும். 2000-ஆம் ஆண்டில் வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோல் இன்ஜெக்ஷன்) ஜிப்சியில் அப்படிச் செய்தால், பேட்டரி என்ற தாங்குகட்டை போன அந்த நொடியில் வோல்ட் பல பத்து மடங்கு எகிறாவிட்டாலும் சில மடங்காவது எகிறும். ரெகுலேட்டரும் டயோடும் போகும், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியு போனால் செலவு டைனமோவைப் போலப் பல பங்கு. அந்தக் கை பேட்டரி கிளாம்பை நோக்கிப் போவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

நல்ல பட்டறை டைனமோவை உங்கள் கண்ணெதிரே பிரிக்கும். பிரிக்கும் முன் இரண்டு மூடிக்கும் ஸ்டேட்டருக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ளும். மூடியைத் திருப்பி மாட்டிவிட்டால் போல்ட் மாட்டும் காது தப்பான கோணத்தில் வந்து பிராக்கெட்டில் உட்காராது. உள்ளே முதலில் பார்க்க வேண்டியது, சுழலும் ரோட்டரின் ஸ்லிப் ரிங்குகளில் உரசி கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ். ஹோல்டரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் 5 மி.மீ.க்கு இறங்கிவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது. குவாரித் தூளும் காய்ந்த சேறும் பிரஷ் காடியில் இறுகிவிட்டால், பிரஷ் நீளமாக இருந்தும் ஸ்பிரிங்கால் தள்ள முடியாமல் ஸ்லிப் ரிங்கைத் தொடாது. விரலால் அழுத்தி விட்டால் துள்ளி வெளியே வர வேண்டும். குட்டையிலும் ஓடையிலும் இறங்கும் வண்டிகளில் இது அடிக்கடி. வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பை நேராக டைனமோ மேல் காட்டுவதும் இதே வேலையைச் செய்யும்.

ஸ்லிப் ரிங் இரண்டும் செம்பு நிறத்தில் வழவழப்பாக இருக்க வேண்டும். பிரஷ் ஓடிய தடம் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளமாக இருந்தால் லேத்தில் மெல்லிய ஒரு கட் எடுத்து, ஜீரோ நம்பர் எமரியால் முடிக்க வேண்டும். புதிய பிரஷ்ஷைப் பள்ளமான ரிங்கின் மேல் போட்டு அனுப்பினால் சீக்கிரமே திரும்ப வருவீர்கள். ரோட்டரைக் கையில் எடுத்ததும் இரண்டு ரிங்குக்கும் நடுவில் ஓம் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் டைனமோவில் ஏறக்குறைய 2.5 முதல் 4.5 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் எதுவும் காட்டக் கூடாது, காட்டினால் காயில் உடம்பைத் தொட்டுவிட்டது.

பேரிங் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள், ஏனென்றால் பட்டறை வேலையின் தரம் இங்கேதான் வெளிப்படுகிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வெளி வளையத்தின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். அதே எண்ணில், இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் வகை, கூடவே சி3 என்ற குறியுள்ளது வேண்டும். டைனமோ சூட்டில் உள் வளையம் விரியும்போது குண்டுகள் நெரிபடாமலிருக்க விடப்படும் கூடுதல் இடைவெளியைத்தான் சி3 குறிக்கிறது. சி3 இல்லாத பேரிங்கும் தடையின்றி உள்ளே போகும், நன்றாகச் சுற்றும், கோடையில்தான் அழ ஆரம்பிக்கும். ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் உட்காரும் பைப் வைத்து பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். வெளி வளையத்தைச் சுத்தியலால் தட்டி ஷாஃப்ட்டில் ஏற்றினால் ஒவ்வொரு அடியும் குண்டு வழியாகப் போய்த் தடத்தில் குழி போடும். அப்படி ஏற்றிய பேரிங் கையால் சுற்றும்போதே கரகரக்கும், காதை வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். ஏற்றிய பிறகு புல்லியைச் சுண்டிவிட்டு நீங்களே கேளுங்கள்.

ரெகுலேட்டர் சில டைனமோக்களில் பிரஷ் ஹோல்டரோடு சேர்ந்தே வரும். லூகாஸ் டிவிஎஸ் என்றாலும் டென்சோ என்றாலும், பெயர்ப் பட்டையில் உள்ள பெயரும் எண்ணும் பார்த்தே வாங்க வேண்டும், ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேராது. பட்டையின் மேலும் பச்சை பெயின்ட் இருக்கும். தின்னரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால் எழுத்து எழும்பி வரும், உப்புத்தாள் போட்டால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். டூப்ளிகேட் ரெகுலேட்டர் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் வோல்ட்டைத் தாறுமாறாக விடும். மாட்டி வந்ததும் விளக்கெல்லாம் அணைத்து, 2000 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓட்டி, 14.7-ஐத் தாண்டவில்லை என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

டயோட் பிளேட்டில் ஒவ்வொரு டயோடும் மீட்டரின் டயோட் நிலையில் ஒரு பக்கம் 0.4 முதல் 0.6 வரை காட்டி, முனையை மாற்றினால் எதுவும் காட்டாமல் இருக்க வேண்டும். ஒன்று போனாலும் தனி டயோடு மாற்றுவதைவிட முழு பிளேட் மாற்றுவதையே நாங்கள் பரிந்துரைப்போம். ஸ்டேட்டர் வயரை ஈயம் வைக்கும்போது, ஈயப் புள்ளிக்கும் டயோடுக்கும் நடுவில் குறடால் பிடித்துக்கொள்ள வேண்டும், சூடு குறடில் நின்றுவிடும். அப்படிப் பிடிக்காமல் பற்றவைத்தால் புது டயோடு பட்டறையிலேயே செத்துவிடும். சில டைனமோக்களை மூடும்போது பிரஷ்ஷை உள்ளே அழுத்தி, பின்மூடித் துளை வழியாக ஒரு கம்பியைச் செருகி நிறுத்திவைத்து, மூடிய பிறகு கம்பியை உருவ வேண்டும். அவசரக் கை இதை மறந்தால் புது பிரஷ் மடங்கி உடையும்.

காயில் கட்டுவதில் மட்டும் உள்ளூர் வேலையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஸ்டேட்டரைப் பார்த்ததுமே தெரியும். நல்ல காயில் தேன் நிறத்தில் மினுங்கும். எல்லாம் ஒரே சீராகக் கருத்திருந்தால் அளவுக்கு மேல் லோடு கொடுத்துச் சூடேறியிருக்கிறது. பட்டை பட்டையாக, ஒரு கட்டு கருப்பு, அடுத்தது நல்ல நிறம் என்று மாறி மாறி இருந்தால் டயோடு ஷார்ட் ஆகி அது காயிலைத் தின்றிருக்கிறது, டயோடை மாற்றாமல் காயில் மட்டும் கட்டினால் அதுவும் கருகும். நம் இரண்டு மாவட்டத்திலும் தடுக்கி விழுந்தால் போர் மோட்டார் காயில் கட்டும் கடை. அவர்கள் வேலையில் குறை சொல்ல முடியாது, ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் மோட்டார் வேறு, இது வேறு. தண்ணீரில் மூழ்கி ஓடும் மோட்டாருக்குப் போடும் பிளாஸ்டிக் சுற்றிய வயர் டைனமோ சூட்டில் உருகும். இங்கே சூடு தாங்கும் எனாமல் செம்பு வயர்தான் போட வேண்டும். பழைய வயரின் தடிமன், ஒவ்வொரு காடியிலும் உள்ள சுற்று, ஸ்டாரா டெல்டாவா என்ற இணைப்பு மூன்றும் அப்படியே வர வேண்டும். வழக்கமான 36 காடி ஸ்டேட்டரில் இடம் குறுகல். காடிக்குள் நெருக்க முடியாமல் ஒரு நம்பர் மெல்லிய வயரைப் போட்டுவிட்டால் வோல்ட் சரியாகக் காட்டும், ஆம்பியர் வராது. வார்னிஷில் முக்கி அடுப்பில் சுடாமல் வெயிலில் காயவைத்துக் கொடுத்தால் அதிர்வில் வயர் ஒன்றோடொன்று உரசி மறுபடி ஷார்ட். சரியாகக் கட்டும் கை கிடைத்தாலும், கூலியோடு டயோட் பிளேட், பேரிங் எல்லாம் சேர்ந்து புதுசின் பாதி விலையைத் தொட்டால் புதுசே வாங்கிவிடுங்கள்.

பில்லை மொத்தமாக வாங்காதீர்கள். பேரிங் இரண்டு, பிரஷ், ரெகுலேட்டர், டயோட் பிளேட், லேத் கூலி, பிரித்துப் பூட்டும் கூலி என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகங்களையும் பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு முகம் சுளிக்காத பட்டறைக்கே அடுத்த முறையும் போகலாம்.

எக்ஸ்சேஞ்ச் யூனிட்டில் எங்களுக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் அது பழசு என்பதல்ல. உள்ளே என்ன மாற்றினார்கள் என்பது தெரியாததுதான் சிக்கல். வெள்ளி பெயின்ட் அடித்து, பிரஷ் மட்டும் மாற்றி வருவதும் உண்டு. பேரிங் மூடியின் மேலும் பெயின்ட் தெறித்திருந்தால் பிரிக்காமலே பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைவிடப் பெரிய சிக்கல் பொருத்தம். எஸ்டீமிலும் 1.3 லிட்டர் ஜி13 இன்ஜின்தான் என்று சொல்லி வேறு வண்டி டைனமோவை நீட்டுவார்கள். மேசையில் உங்கள் பழசைப் பக்கத்தில் வைத்து, காதுகளின் இடைவெளி, போல்ட் துளை அளவு, புல்லி காடியின் வடிவம், பிளக் பின்கள் நான்கையும் ஒப்பிடுங்கள். புல்லி இரண்டு மி.மீ. முன்னோ பின்னோ தள்ளி உட்கார்ந்தால் பெல்ட் பக்கவாட்டில் தேய்ந்து நார் நாராகும். புல்லி பெரிதாக இருந்தால் டைனமோ மெதுவாகச் சுற்றி, ஐடிலில் சார்ஜ் குறையும். உங்கள் பழைய புல்லியைக் கழற்றி அதில் மாட்டித் தரச் சொல்லுங்கள். முக்கியமாக, உங்கள் ஒரிஜினல் யூனிட் காயில் நன்றாக இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அதன் உடம்பும் ரோட்டரும் மறுபடி அதே தரத்தில் கிடைப்பது கஷ்டம்.

புதுசு வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. பெயர்ப் பட்டையில் உள்ள எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போனால் கிருஷ்ணகிரி, ஓசூர் கடைகளிலேயே ஆர்டர் போட்டுக் கொடுப்பார்கள். அவசரம் என்றால் வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம்தானே. ஆம்பியரைக் கூட்ட ஆசைப்படும் முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஹெட்லைட் இரண்டும் சுமார் 9 ஆம்பியர், பார்க்கிங், டெயில், டாஷ் விளக்குகள் 3, எம்பிஎஃப்ஐ வண்டியில் பெட்ரோல் பம்பும் இக்னிஷனும் இசியுவும் சேர்ந்து 8 முதல் 10, வைப்பர் 4, புளோயர் 6. ஏறக்குறைய 30 ஆம்பியர் ஆகிவிட்டது. பம்பரில் 100 வாட் விளக்கு இரண்டு மாட்டினால் இன்னும் 15. ஐடிலில் எந்த டைனமோவும் பட்டையில் போட்டிருக்கும் அளவைத் தராது, பாதி வந்தால் பெரிது. ஆகவே கூடுதல் விளக்கு போட்டவர்கள் பெரிய டைனமோ வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பி பிளஸிலிருந்து பேட்டரி வரை உள்ள வயரும் மெயின் ஃபியூஸும் அதற்கேற்ப ஏற வேண்டும். 60 ஆம்பியர் வரை 10 சதுர மி.மீ., அதற்கு மேல் 16. பழைய வயரை அப்படியே விட்டால் சூடாகி உருகும் முதல் இடம் லக்தான்.

24 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு வகையில் அதிர்ஷ்டமான இடம். ராணுவத்துக்கு ஸ்டாலியன் லாரி செய்யும் அசோக் லேலண்டின் தொழிற்சாலைகள் ஓசூரில் இருக்கின்றன, சேலம் பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி எலக்ட்ரீஷியன்களுக்கும் பஞ்சமில்லை. 24 வோல்ட் அவர்களுக்குத் தினப்படி வேலை. கார் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள், நேராக லாரிக்காரர்களிடம் போங்கள். ஓடும்போது 27.5 முதல் 28.5 வோல்ட் வரை இருக்க வேண்டும், ரோட்டர் ஓம் 12 வோல்ட்டைவிட மிகக் கூடுதலாகக் காட்டும். 24 வோல்ட் வண்டியில் டைனமோவின் மேல் வீண்பழி விழுவதற்கு முதல் காரணம், பாட்டுப் பெட்டிக்கோ போன் சார்ஜருக்கோ இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது. அந்த பேட்டரி வடிந்துகொண்டே போக, மற்றது அளவுக்கு மேல் சார்ஜாகிக் கொதிக்கும். இரண்டையும் தனித்தனியாக அளந்து 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த 12 வோல்ட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள், பேட்டரி இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

மாட்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சம். கழற்றும்போதும் மாட்டும்போதும் பேட்டரி நெகட்டிவ் கழன்றே இருக்க வேண்டும், பி பிளஸ் நட்டைத் திருகும் ஸ்பேனர் உடம்பில் பட்டால் பொறி பறக்கும். பெல்ட் இறுக்க இரும்புக் கம்பியால் நெம்பும்போது முன்மூடியின் தடித்த காதில் மட்டும் முட்டுக் கொடுங்கள். பின்மூடி மெல்லிய அலுமினியம், வெடித்துவிடும். பெல்ட்டின் நடுவில் பத்து கிலோ அழுத்தத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் 6 முதல் 10 மி.மீ. இறங்க வேண்டும். தளர்வாக இருந்தால் ஈரத்தில் கீச்சிடும், சார்ஜ் ஏறாது. அளவுக்கு மேல் இறுக்கினால் புது பேரிங்கோடு வாட்டர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து போகும். பி பிளஸ் பக்கத்தில் சின்ன கண்டன்சர் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும், அதை வேண்டாத பொருள் என்று வெட்டிப் போடுகிறார்கள். ரேடியோவில் இரைச்சல் வராமல் தடுப்பது அதுதான், நல்லதாக இருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு ஆம்பியர் அளக்கும்போது பட்டறையின் கிளாம்ப் மீட்டரில் டிசி ஆம்பியர் இருக்கிறதா என்று கவனியுங்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்கிய ஏசி மட்டும் காட்டும் மீட்டரை பி பிளஸ் வயரில் மாட்டினால் டைனமோ முழு வீச்சில் ஓடினாலும் சரியான எண் வராது, அதை வைத்து மறுபடி பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரி கம்பங்களில் பார்த்தால் 0.5-க்குள் இருக்க வேண்டும், மேலே போனால் டயோடு ஒன்று இன்னும் சரியில்லை. புது பெல்ட் போட்டிருந்தால் முதல் 200 கிலோமீட்டரிலேயே சற்றுத் தளரும். அப்போது அட்ஜஸ்டிங் போல்ட்டோடு டைனமோவைத் தாங்கும் பிவட் போல்ட்டையும் தளர்த்தி, பெல்ட்டை ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.